வாவிக்கரை வணிகத்தில் சமவாய்ப்பு: பனிச்சங்கேணியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

ஒரு நாட்டின் வணிக வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் துறைமுகங்களிலிருந்தும் ஏற்றுமதிக் கணக்குகளிலிருந்தும் பெருவணிகக் குடும்பங்களிலிருந்துமே தொடங்குவர். எவர் வணிகஞ் செய்தனர் என்பது அத்தகைய ஆய்வுகளினால் தெளிவாகும். எவர் வணிகஞ் செய்ய இயலாதிருந்தனர், எக்காரணங்களினால் இயலாதிருந்தனர் என்பன அவ்வளவாகத் தெளிவதில்லை. இக்காலத்தில் தொழில் நிறுவனங்கள் 'சமவாய்ப்பு', 'பன்மைத்துவம்' என்னும் சொற்களைப் பெரிதும் வழங்குகின்றன. இவை மேனாட்டிலிருந்து அண்மையில் வந்து சேர்ந்த கருத்துக்கள் என்று கருதுவோரும் உளர். சொல் புதிதாயினும் அச்சொல் சுட்டும் சிக்கல் பழையது. சொத்து, கடன், வேலை, சந்தை ஆகிய நான்கும் வணிகத்தினுட் புகுவதற்குரிய வாயில்கள். அவை எவர்க்குத் திறந்திருந்தன, எவர்க்கு அடைத்திருந்தன என்பதை மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குப் பனிச்சங்கேணி ஓர் உரைகல்லாகக் கொள்ளப்படுகின்றது. மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாழைச்சேனையைக் கடந்து திருகோணமலைக்குச் செல்லும் வீதியில், வாகரையை அடையுமுன் எதிர்ப்படுவது இவ்வூர். கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலாளர் பிரிவினுள் அடங்குவது. கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்தது. பனிச்சை மரத்தையும் கேணியையும் சேர்த்து அமைந்த பெயர் என இதனைக் கொள்ளலாம். பனிச்சங்காயின் துவர்ச்சாறு வலைகளைத் தோய்ப்பதற்கும் தோணிகளின் மூட்டுக்களுக்குப் பூசுவதற்கும் பயன்பட்டது. ஆதலின், ஊரின் பெயரிலேயே அவ்வூரவரின் தொழிலும் உறைந்துள்ளது எனலாம். மட்டக்களப்பின் பெரிய சந்தைகளுக்கும் வங்கிகளுக்கும் கச்சேரிக்கும் தொலைவிலுள்ள இத்தகைய ஊரிலேதான் சமவாய்ப்பு என்பதன் உண்மைப் பொருள் சோதனைக்குள்ளாகின்றது.

பழைய ஒழுங்கு

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்குப் புறம் எழுவான்கரை எனவும் மேற்குப் புறம் படுவான்கரை எனவும் வழங்கும். படுவான்கரை நெல்லுக்குரியது, எழுவான்கரை மீனுக்கும் தெங்குக்கும் கைத்தொழிலுக்கும் உரியது. இருகரைகளும் ஒன்றையொன்று சார்ந்தே வாழ்ந்தன. இப்பண்டமாற்றை நடத்தியோருட் சோனகர் சிறப்பிடம் பெற்றனர். கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிய தவளமாடுகள் ஊவாவுக்கும் கண்டிநாட்டுக்கும் சென்று மீண்டன.

சோனகர் இப்பிரதேசத்திற் பெருந்தொகையாகக் குடியேறிய நிகழ்ச்சி இவ்விடத்து நினைக்கத்தக்கது. 1626ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். அவ்வாறு வெளியேற்றப்பட்டோருள் ஏறத்தாழ 4000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பது வரலாறு. மதத்தையும் வணிகப் போட்டியையும் காரணமாகக் கொண்டு ஓர் அரசு அடைத்த வாயிலை மற்றோர் அரசு திறந்தது. திறந்த அரசும் பயன் பெற்றது. வந்தோரும் வாழ்வு பெற்றனர். ஒரு சமூகத்தாரை விலக்குவதனால் விலக்குவோரின் வணிகமே குன்றும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் பழைய ஒழுங்கு முற்றிலும் நியாயமானதாக இருந்தது என்று கூறுதல் பொருந்தாது. நிலவுரிமையும் கோயிலுரிமையும் குடிமுறையோடு பிணைக்கப்பட்டிருந்தன. எப். எக்ஸ். சி. நடராசா 1962இற் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் குடிமரபுகளையும் கோயிலுரிமைகளையும் விரித்துக் கூறுவதைக் காண்கிறோம். வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வெளிவந்தது. இத்தகைய நூல்களைப் பயில்வோர், உரிமை என்பது தனியொருவருக்கன்றிக் குடிக்கே உரியதாயிருந்த ஒரு சமுதாயத்தை எதிர்கொள்வர். போடியாரிடம் வயலும் எருமையும் விதைநெல்லும் இருந்தன. வயலிற் பாடுபட்டோரிடம் உழைப்பு மாத்திரமே இருந்தது. வண்ணார், அம்பட்டர், பறையர் ஆகியோரின் தொழில்கள் பிறப்பினால் வரையறுக்கப்பட்டிருந்தமையின், அவர் வேறொரு தொழிலையோ வணிகத்தையோ மேற்கொள்ளும் வழி குறுகியே கிடந்தது.

பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி முதலிய ஊர்களைக் கொண்ட வடபகுதியில் வாழும் கரையோர வேடர் இவ்வொழுங்கின் விளிம்பில் நின்றோராவர். தமிழ் பேசி, மீன்பிடித்தும் சேனை செய்தும் காடுபடு பொருள்களைத் திரட்டியும் வாழ்ந்த இம்மக்களைச் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிற் குறித்துள்ளனர். தேனையும் மீனையும் மானிறைச்சியையும் கொண்டுவந்தவர் இவர்; அவற்றுக்கு விலை குறித்தவர் வேறொருவர். உற்பத்தி செய்பவன் சந்தையிற் பேரம் பேசும் நிலையிலில்லாதபோது, சந்தை திறந்திருப்பதனால் மாத்திரம் அவனுக்குச் சமவாய்ப்புக் கிட்டுவதில்லை.

சொத்து என்னும் வாயில்: பெண்ணுரிமையும் சட்டமும்

மட்டக்களப்பின் தனிச்சிறப்பாக அறிஞர் பலரும் எடுத்துக்காட்டுவது தாய்வழி மரபாகும். முக்குவர் வழக்கத்தின்படி முதுசொம் ஆகிய சொத்துத் தாய்வழியே இறங்கியது. ஒருவனுடைய சொந்தத் தேட்டம் அவனுடைய பிள்ளைகளைச் சேர்ந்தது. இவ்வழக்கத்தைக் கிறித்தோபர் பிரிற்றோ தொகுத்து 1876இல் நூலாக்கினார். தாய்வழி மரபு என்பதனைப் பெண்ணாட்சி எனப் பிறழ உணர்தலாகாது. சொத்துப் பெண்வழி இறங்கியதேனும் அதனை மேற்பார்வை செய்தவர் பெரும்பாலும் தாய்மாமனும் மூத்த ஆடவருமேயாவர். எனினும் மணமான மகள் தன் வீட்டிலேயே இருக்க, மருமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழும் வழக்கம், பெண்ணுக்கு ஒரு நிலையான அடித்தளத்தை அளித்தது. இவ்வழக்கம் தமிழரிடையே மாத்திரமன்றிக் கிழக்கிலங்கைச் சோனகரிடையேயும் நிலவுகின்றது.

பிரிற்றோவின் நூல் வெளிவந்த அதே 1876ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் முக்குவர் வழக்கத்துக்கு முடிவு கட்டியது. ஒரு வழக்கம் நூல்வடிவம் பெற்ற ஆண்டிலேயே அது சட்டவலுவை இழந்தமை வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும். புதிய சட்டம் மகனுக்கும் மகளுக்கும் மரபுரிமையிற் சமபங்கு வழங்கியது. அவ்வகையில் அது முற்போக்கானது. ஆனால் மணமான பெண்ணின் அசையும் பொருள்கள் கணவனைச் சாரும் எனவும், தன் அசையாச் சொத்தை அவள் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலமான இசைவு வேண்டும் எனவும் அது விதித்தது. ஒரு கையாற் கொடுத்ததை மறுகையாற் கட்டிவைத்த சட்டம் எனின் மிகையாகாது.

இக்கட்டு 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்களின் சொத்துக் கட்டளைச் சட்டத்தினால் அவிழ்ந்தது. அச்சட்டத்தின் பின் மணமான பெண் தன் பெயரிற் சொத்து வைத்திருக்கவும், ஒப்பந்தஞ் செய்யவும், வழக்காடவும், வணிகம் நடத்தவும் உரிமை பெற்றாள். தேசவழமைக்குட்பட்ட யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண்ணுக்கு இச்சட்டம் ஏற்புடைத்தன்று. அவள் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் ஆளப்படுகின்றாள். அதன்படி அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான இசைவு வேண்டும். ஆகவே, காணியை ஈடுவைத்து முதல் திரட்டும் விடயத்தில், மட்டக்களப்புத் தமிழ்ப் பெண் யாழ்ப்பாணத்துப் பெண்ணிலும் மேலான சட்டநிலையை 1923 தொடக்கம் பெற்றுள்ளாள். முஸ்லிம் பெண்ணுக்கோ, மணத்தின் பின்னும் தன் சொத்தைத் தனியே வைத்திருக்கும் உரிமையை அவளது சமயச் சட்டமே வழங்குகின்றது. இவ்விரு சமூகத்துப் பெண்களும் சொத்துரிமையில் இவ்வளவு வலிய நிலையில் இருந்தும், பெருவணிகத்தில் அவர்தம் பெயர்கள் அரிதாகவே காணப்படுவது ஏன் என்னும் வினா எழுகின்றது.

இவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி காணிச் சட்டத்தில் உள்ளது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிகள் உத்தரவுப்பத்திரம் மூலம் மக்களுக்கு வழங்கப்பட்டன. பின்வருநர் எவரும் நியமிக்கப்படாதவிடத்து, அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை மகளுக்கு முன்னே மகனை வைத்தது. பிள்ளைகளுள் மூத்தவரை முற்படுத்தியது. உத்தரவுப்பத்திரமும் வழக்கத்திற் குடும்பத் தலைவன் எனக் கருதப்பட்ட ஆடவனின் பெயருக்கே எழுதப்பட்டது. மகளுக்கே வீடும் வளவும் என்று நூற்றாண்டுகளாக ஒழுகிவந்த ஒரு பிரதேசத்தில், மகனுக்கே முதலுரிமை என்னும் சட்டம் அரச காணிகளின் வழியே நுழைந்தது. தனியார் உறுதிக் காணிகள் குறைவாகவும் அரச காணிகள் மிகுதியாகவும் உள்ள வடபகுதி ஊர்களை இது பெரிதும் பாதித்தது. மூன்றாம் அட்டவணையின் இப்பாகுபாடு 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தினாலேயே நீக்கப்பட்டது. 87 ஆண்டுகள் ஒரு தவறு சட்டப்புத்தகத்தில் இருந்தது எனின், மூன்று தலைமுறைப் பெண்கள் அதன் பயனை அனுபவித்தனர் என்பது பொருள்.

கடன் என்னும் வாயில்

சொத்து இருந்தாலும் கைமுதல் இன்றேல் வணிகம் இல்லை. குடியேற்றவாத காலத்து இலங்கையில் வங்கித்தொழில் பிரித்தானிய வங்கிகளின் கையில் இருந்தது. அவ்வங்கிகள் தோட்டக் கம்பனிகளுக்கும் ஐரோப்பிய வணிக நிறுவனங்களுக்கும் கடன் வழங்கின. இலங்கையர் நேரே சென்று கடன் பெறுதல் அரிதாயிருந்தது. சிறாப்பர் எனப்பட்ட பிணையாளர் மூலம் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் வங்கிகளிற் பணம் பெற்று, அதனை உயர்ந்த வட்டிக்கு உள்ளூர் வணிகர்க்குக் கொடுத்தனர். 1925ஆம் ஆண்டளவில் சில செட்டி நிறுவனங்கள் நொடித்துப்போனமையால் வங்கிகள் அவர்களுக்கும் கையைச் சுருக்கின. அதன் விளைவு கடைக்கோடிச் சிறுவணிகன் வரை சென்று தாக்கியது.

இந்நிலையை ஆராயும்பொருட்டு இந்திய வங்கியாளராகிய சேர் சொராப்ஜி பொச்கனவாலாவைத் தலைவராகக் கொண்ட வங்கித்தொழில் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1934இல் வெளிவந்தது. இலங்கையருக்குக் கடன் வழங்கும் விடயத்தில் நிலவிய புறக்கணிப்பை அவ்வறிக்கை வெளிப்படுத்தி, அரசின் ஆதரவுடன் ஒரு வங்கி நிறுவப்படல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதன் பயனாக 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. வணிகத்திற் சமவாய்ப்பு இன்மையை ஓர் அதிகாரபூர்வமான விசாரணை இனங்கண்டதும், அதனைத் தீர்க்க ஒரு நிறுவனமே உருவானதும் இலங்கை வரலாற்றில் முக்கியமான நிகழ்ச்சிகளாகும். இன்று பன்மைத்துவம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இந்நிகழ்ச்சியை நினைப்பதில்லை.

ஆயினும் கொழும்பு வணிகனுக்குக் கிடைத்த நீதி கோறளைப்பற்று மீனவனுக்குக் கிடைத்ததா என்று நோக்குதல் வேண்டும். 1911ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் இயற்றப்பட்டது. 1961இல் இலங்கை வங்கி நாட்டுடைமையாக்கப்பட்டது; அதே ஆண்டிற் கூட்டுறவு இயக்கத்தையும் கிராமியக் கடனையும் வளர்க்கும் நோக்குடன் மக்கள் வங்கி நிறுவப்பட்டது. இவற்றாற் பயன் விளைந்தது உண்மை. ஆனால் வங்கி ஈடு கேட்டது. ஈடாக ஏற்கத்தக்க உறுதிக் காணி, அரச காணியில் வாழ்ந்த மீனவனிடம் இல்லை. அவனுடைய தோணியும் வலையும் வங்கியின் கண்ணுக்கு ஈடாகத் தோன்றவில்லை. எனவே அவன் சம்மாட்டியிடமோ மீன் முதலாளியிடமோ முற்பணம் பெற்றான். பெற்றமையின், தான் பிடித்த மீனை அவரிடமே அவர் கூறும் விலைக்குக் கொடுக்கக் கடமைப்பட்டான். கடன்வாயில் அடைபட்டபோது சந்தை வாயிலும் தானே அடைபட்டது.

அண்மைக்கால வரலாறு இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. போரின் பின் கிழக்கிலும் வடக்கிலும் நுண்நிதி நிறுவனங்கள் பெருகின. காணியீடு கேளாது, பெண்களைக் குழுக்களாக்கி, ஒருவருக்கு மற்றவர் பிணைநிற்கும் முறையில் அவை கடன் வழங்கின. கணவரை இழந்து குடும்பப் பாரத்தைத் தாங்கிய பெண்களுக்கு இது திறந்த வாயில் போலத் தோன்றியது. ஆயின் வட்டி மிகுந்திருந்தது. வாரந்தோறும் தவணை கேட்டு வீட்டு வாயிலில் ஆள் நின்றார். ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் பெறப்பட்டது. மட்டக்களப்பு மாவட்டத்திற் கடன் சுமையால் உயிர்மாய்த்த பெண்களும் உளர். 2016இல் நுண்நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. 2018இல் வரட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற 1,00,000 ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை நீக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. மத்திய வங்கி ஆண்டு வட்டிக்கு 35 வீதம் என உச்சவரம்பு விதித்தது. உச்சவரம்பே 35 வீதமாயின் அதற்கு முன்னிருந்த நிலையை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். 1934இற் கடன் மறுக்கப்பட்டமை அநீதி எனப்பட்டது. 2018இற் கடன் கொடுக்கப்பட்ட முறையே அநீதியாயிற்று. வாயில் திறந்திருத்தல் மாத்திரம் போதாது; எத்தகைய நிபந்தனையில் அது திறந்துள்ளது என்பதும் சமவாய்ப்பின் கூறேயாகும்.

வேலை என்னும் வாயில்

1928இல் புகையிரதப்பாதை மட்டக்களப்பை அடைந்தது. 1950களின் நடுப்பகுதியில் வாழைச்சேனையில் அரச கடதாசி ஆலை நிறுவப்பட்டது. இலுக்குப் புல்லும் வைக்கோலும் அதன் மூலப்பொருள்களாயின. வயலில் எரிக்கப்பட்டு வந்த வைக்கோலுக்கு விலை கிடைத்தது. ஊழியர் சேமலாப நிதியோடு கூடிய நிலையான மாதச் சம்பளம் கோறளைப்பற்று மக்களுக்கு அறிமுகமாயிற்று. பிறப்பும் குடியும் பாராது, பயின்ற தொழிலைக் கொண்டு ஒருவனுக்கு வேலை வழங்கும் இயல்பு தொழிற்சாலைக்கு உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரு கூரையின் கீழ்ப் பணியாற்றிய இடமாக அவ்வாலை விளங்கியமை அதன் சமூகப் பெறுமதியாகும்.

ஆனால் அரசே பெரிய தொழில்தருநராக அமைந்தபோது அரசியலும் வேலையோடு சேர்ந்து வந்தது. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் அரசதுறை வாயிலைத் தமிழ்பேசும் மக்களுக்கு ஒடுக்கியது. 1977க்குப் பின் அரச கூட்டுத்தாபன வேலைகளுக்குப் பாராளுமன்ற உறுப்பினரின் சிபாரிசு தேவைப்பட்டது. தகுதியுடையோன் எவன் என்னும் வினாவின் இடத்தை, எவருடைய ஆள் என்னும் வினா பிடித்துக்கொண்டது. அரசியற் செல்வாக்கு எட்டாத விளிம்பூர்களே இதனாற் பெரிதும் இழந்தன.

பெண்ணின் கூலி பற்றியும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆணுக்கு ஒரு வீதமும் பெண்ணுக்கு அதிலுங் குறைந்த வீதமும் விதிக்கும் வழக்கம் இருந்தது. தோட்டத் தொழிலில் இவ்வேறுபாடு 1984இலேதான் நீங்கியது. சமவேதனம் பற்றிய சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் 100ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993இலும், தொழிற் பாகுபாடு பற்றிய 111ஆம் இலக்கச் சமவாயத்தை 1998இலும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் சம்பளச் சபையின் கண் எட்டாத நாட்கூலி வேலைகளில், வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும் வரம்பு கட்டும் ஆணுக்கும் இன்றும் வெவ்வேறு கூலியே வழங்கப்படுகின்றது.

தனியார் துறை இப்பிரதேசத்தில் வேரூன்ற முனைந்த காலத்திலேயே போரும் மூண்டது. 1980களில் வாவிக்கரையில் ஏற்றுமதிக்கான இறால் வளர்ப்புத் தொடங்கியது. படுவான்கரையிற் கொக்கட்டிச்சோலைக்கு அண்மையிலுள்ள மகிழடித்தீவு இறால் பண்ணை, உள்ளூர் இளைஞர் பலருக்கு வேலை வழங்கியது. 1987ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் நடந்த படை நடவடிக்கையின்போது அப்பண்ணையின் ஊழியர் பலர் கொல்லப்பட்டனர். வேலைக்குச் சென்றமையே உயிருக்கு இறுதியாக அமைந்த இந்நிகழ்ச்சியின் பின், இப்பிரதேசத்தில் முதலிட முன்வருவோரும் வேலைக்குச் செல்ல முன்வருவோரும் அஞ்சினர். உயிர்ப்பாதுகாப்பு இல்லாத இடத்தில் சமவாய்ப்பைப் பற்றிப் பேசுதல் வெறும் சொல்லாடலாகவே முடியும்.

சந்தை என்னும் வாயில்

தமிழரும் முஸ்லிம்களும் பொருளியலில் ஒருவரையொருவர் சார்ந்தவர் என்பது மேலே காட்டப்பட்டது. காத்தான்குடி வணிகனுக்குப் படுவான்கரை நெல் வேண்டும். படுவான்கரை உழவனுக்கு அவ்வணிகனின் கடன்கணக்கு வேண்டும். மருதமுனைக் கைத்தறிச் சேலை தமிழூர்களில் விலைபோயிற்று. 1985இல் இரு சமூகங்களுக்குமிடையே மூண்ட கலவரமும், 1990இன் கொடுமைகளும் இவ்வுறவை அறுத்தன. 1990 ஆகஸ்ட் மாதத்திற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் மாதத்தில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திலும் சத்துருக்கொண்டானிலும் தமிழர் கொண்டுசெல்லப்பட்டும் கொல்லப்பட்டும் மறைந்தனர். அதன் பின் தமிழர் கடை, முஸ்லிம் கடை எனச் சந்தை இரண்டாயிற்று. வாங்குவோர் தெரிவுரிமை இழந்தனர். விற்போர் பாதிச் சந்தையை இழந்தனர். 1626இல் ஒரு மன்னன் பெற்ற நன்மையை 1990இல் இரு சமூகங்களும் ஒருங்கே இழந்தன எனலாம்.

வடபகுதி ஊர்களின் துன்பம் இன்னும் நீண்டது. 1978 நவம்பர் சூறாவளி மாவட்டத்தின் தென்னைகளை வீழ்த்தியது. 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வாகரைக் கரையோரத்தின் தோணிகளையும் வலைகளையும் அள்ளிச் சென்றது. 2006 நவம்பரிற் கதிரவெளியிற் பாடசாலையில் அடைக்கலம் புகுந்தோர் எறிகணைகளுக்கு இரையாயினர். 2007 சனவரியில் வாகரை அரச படையினரின் வசமானது. மக்கள் முகாம்களில் தங்கி, பின்னர் மீளக் குடியமர்ந்தனர். மும்முறை முதலிழந்தவனும் ஒருமுறையும் இழவாதவனும் ஒரே கோட்டில் நின்று போட்டியிடுவதைச் சமவாய்ப்பு என்று கூற இயலாது. வீதியும் பாலங்களும் போரின் பின் புதுப்பிக்கப்பட்டமை பெரு நன்மையே. பாதையின்மையால் மீனை மலிவாக விற்ற நிலை மாறியது. ஆனால் அதே பாதையிற் பெருமுதலும் வந்தது. அண்மைக் காலத்தில் வாகரைப் பகுதியில் இல்மனைற்று அகழ்வும் பாரிய இறால் பண்ணைகளும் முன்மொழியப்பட்டபோது, களப்பையும் கரையையும் நம்பி வாழும் மக்கள் ஆட்சேபித்தனர். களப்பு எவர்க்கும் பொதுவான முதல். அதனைச் சிலர்க்கு மாத்திரம் உரியதாக்குவது ஏனையோரின் வணிக வாய்ப்பைப் பறிப்பதாகும் என்பதே அவர்தம் வாதத்தின் சாரம்.

சட்டத்தின் இடைவெளி

1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதி காரணமாகக் கடைகளிலும் பொதுவிடங்களிலும் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் ஆகியவை காரணமாகப் பாகுபாடு காட்டலாகாது என விதிக்கின்றது. 14ஆம் உறுப்புரை சட்டமுறையான எத்தொழிலையும் வணிகத்தையும் மேற்கொள்ளும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்குகின்றது. ஆனால் அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்தை நாடும் பரிகாரம் ஆட்சித்துறை, நிருவாகத்துறைச் செயல்களுக்கு எதிராகவே கிடைக்கின்றது. தனியார் கம்பனியொன்று பெயரையோ ஊரையோ மொழியையோ பார்த்து ஒருவருக்கு வேலை மறுப்பின், இப்பரிகாரம் அவருக்கு எட்டாது.

இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சி ஒன்று நடந்தது. 1999இல் அரசாங்கம் சமவாய்ப்புச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தது. வேலைவாய்ப்பு முதலிய துறைகளில் தனியாரையும் உள்ளடக்கிப் பாகுபாட்டைத் தடுப்பது அதன் நோக்கம். பெரும்பான்மையினரின் நலனுக்கு அது கேடு விளைக்கும் எனச் சில அமைப்புகள் எதிர்த்தமையால் அது கைவிடப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவிற் குடியியல் உரிமைகள் சட்டம் 1964ஆம் ஆண்டு முதலே தனியார் தொழில்தருநரையும் கட்டுப்படுத்துகின்றது. இந்தியா 1976இற் சமவேதனச் சட்டத்தை இயற்றியது. தென்னாபிரிக்கா நிறவெறி ஆட்சி நீங்கியதும் 1998இல் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தை ஆக்கியது. பிரித்தானியா தன் பல்வேறு சட்டங்களை 2010இல் ஒரே சமத்துவச் சட்டமாக இணைத்தது. பல்லினமும் பல்சமயமும் வாழும் இலங்கையில், சமவாய்ப்பு என்னும் பெயர் தாங்கிய சட்டமூலம் எதிர்ப்பினால் மடிந்தமை சிந்தனைக்குரியது. சமவாய்ப்பு என்பதைத் தமக்குரியதிலிருந்து பிறர்க்குப் பிடுங்கிக் கொடுப்பது என்று அஞ்சும் மனப்பான்மையே அதற்குக் காரணமாகும்.

முடிவுரை

மேலே கண்ட வரலாற்றிலிருந்து சில உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, சமவாய்ப்பின்மை எந்த ஒரு சமூகத்தாரின் தனிப்பிழையன்று. பழைய குடிமுறையும், பிரித்தானியச் சட்டமும், சுதந்திர இலங்கையின் மொழிக் கொள்கையும், நம்மிடையே மூண்ட பகையும் தத்தம் காலத்தில் ஒவ்வொரு வாயிலை அடைத்தன. இரண்டாவது, வாயில்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை. காணியுரிமை இல்லாதவனுக்கு வங்கிக் கடன் இல்லை. கடன் இல்லாதவனுக்குச் சந்தையிற் பேரம் இல்லை. ஒன்றைத் திறந்து ஏனையவற்றை அடைத்து வைப்பதனாற் பயனில்லை. மூன்றாவது, அடைத்த வாயில்களைத் திறக்க இயலும் என்பதற்கும் வரலாறே சான்று. 1923ஆம் ஆண்டுச் சட்டமும், 1934ஆம் ஆண்டு அறிக்கையும், 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் தாமாக வந்தவையல்ல. குறையை எடுத்துக் கூறியோரின் முயற்சியால் வந்தவை.

ஆகவே செய்யத்தக்கன சில உள. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பயன் பெண்களின் கையிற் சேரும்வகையில் உத்தரவுப்பத்திரங்கள் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்படல் வேண்டும். தோணி, வலை, இயந்திரம் ஆகியவற்றையும் மீனவர் சங்கத்தின் கூட்டுப்பிணையையும் வங்கிகள் ஈடாக ஏற்றல் வேண்டும். களப்பைப் பாதிக்கும் எத்திட்டமும், கரையோர வேடர் உள்ளிட்ட அவ்வூர் மக்களைக் கலந்தே முடிவுசெய்யப்படல் வேண்டும். தனியார் தொழில்தருநரையும் உள்ளடக்கும் சமவாய்ப்புச் சட்டம் மீண்டும் முன்வைக்கப்படல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, தமிழரும் முஸ்லிம்களும் தமக்குட் பிரித்துக்கொண்ட சந்தையை மீண்டும் ஒன்றாக்குதல் வேண்டும். அது சட்டத்தினால் ஆகும் செயலன்று.

கொழும்பில் ஒரு நிறுவனம் தன் ஆண்டறிக்கையிற் பன்மைத்துவத்தைப் போற்றுவது நன்றே. பனிச்சங்கேணியில் களப்பு மீன் விற்கும் ஒரு பெண், தன் பெயரிற் காணியும், தாங்கத்தக்க வட்டியிற் கடனும், தான் விரும்பிய சந்தையில் நியாய விலையும் பெறும் நாளே அப்போற்றுதல் மெய்ப்படும் நாளாகும். விளிம்பிலுள்ள ஊரை அளவுகோலாகக் கொண்டு நாட்டின் முன்னேற்றத்தை மதிப்பிடும் முறை நம் ஆய்வாளரிடையே வளருமாயின், இவ்வாவிக்கரையின் வணிக வரலாறு இதுவரை பதிவுபெறாத மக்களின் வரலாறாகவும் விரிவடையும்.